நாயகன் ஜெயித்த பிறகு ஊருக்கு என்ன ஆனது?

ஒரு பெரிய சூப்பர்ஹீரோ படம் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ வந்துவிட்டால், அடுத்த நாளே ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடுகிறது. "அவ்வளவு பெரிய கட்டிடம் சரிஞ்சுதே, உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்று ஒருவர் கேட்பார். "மனுஷன் பறக்குறதை நம்பிட்ட, இதை மட்டும் கேக்குறியா?" என்று இன்னொருவர் மடக்குவார். 2013-ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் நகரமே தரைமட்டமானது. சூப்பர்மேன் மக்களைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்று அப்போது குறை சொன்னார்கள். 2025-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்திலோ, ராட்சத விலங்கோடு நடக்கும் சண்டைக்கு நடுவில் அவர் ஒரு அணிலைக் காப்பாற்றுகிறார். அது அநாவசியம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு முறையீடுகளும் எங்கிருந்து வருகின்றன, இதில் உடலும் சட்டமும் என்ன சொல்கின்றன, அப்படி ஒரு சண்டை காவிரி டெல்டாவில் நடந்தால் என்னென்ன நடக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சண்டைக்கு மறுநாள் காலை என்று ஒன்று இருப்பதை ஏற்றுக்கொள்ளும் கதையே யதார்த்தமான கதை.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

பொதுமக்கள் என்பவர்கள் சண்டையில் பங்கெடுக்காதவர்கள். அவர்களுக்கு நேரும் பாதிப்பு நான்கு வகை.

1. இறப்பு.
2. காயம். இதில் ஆயுளுக்கும் தொடரும் ஊனமும் அடக்கம்.
3. வீடு, ஊர் விட்டு வெளியேற நேர்வது.
4. பிழைப்பு போவது.

படங்கள் எண்ணினால் முதல் வகையை மட்டும் எண்ணும். டெல்டாக்காரர்களுக்கு மற்ற மூன்றும் நன்றாகவே தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த எண்ணுக்கு வெளியே, படகும் வலையும் போனவர்கள் இருந்தார்கள். கடல்நீர் ஏறி உப்பாகிப்போன வயல்களின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அந்த நிலத்தை மீட்க ஜிப்சம் போட்டு, மழைநீரைத் தேக்கி வடியவிட்டு, தக்கைப்பூண்டை மடக்கி உழ வேண்டியிருந்தது. எந்தக் கதையிலும் இது இறப்புக் கணக்கில் வராது.

அடுத்தது யதார்த்தம். இதையும் மூன்றாகப் பிரித்தால்தான் வாக்குவாதம் தெளியும்.

1. உடல் யதார்த்தம்: விழுந்தால், இடிபட்டால், நசுங்கினால் மனித உடலுக்கு நேர்வது.
2. ஊர் யதார்த்தம்: தண்ணீர், மின்சாரம், சாலை, மருத்துவமனை, பயிர் ஆகியவற்றுக்கு நேர்வது.
3. பொறுப்பு யதார்த்தம்: யார் கணக்கெடுப்பது, யார் ஈடு கொடுப்பது, யார் பதில் சொல்வது.

பறப்பதை நம்பிய பிறகு இதையெல்லாம் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கதை நம்மிடம் கேட்கும் சலுகை ஒன்றே ஒன்று: இந்த ஆளுக்கு மட்டும் அபூர்வ சக்தி உண்டு. பதினைந்தாவது மாடியில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எந்தச் சக்தியும் இல்லை. அவளுடைய உலகத்தின் விதிகள் நம்முடையவைதான். அவளைப் பற்றிக் கேட்பவர், கதை கேட்ட சலுகையைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்.

இறந்தவர்கள் திரையிலிருந்து மறைந்த விதம்

சூப்பர்மேன் 1938-ல் வந்தார். 1954-ல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் காமிக்ஸ் கோட் என்ற சுயதணிக்கையைக் கொண்டுவந்தார்கள். கோரக் காட்சிகள் விலக்கப்பட்டன. சண்டை எவ்வளவு பெரிதானாலும் தெருவில் பிணம் கிடக்காது என்ற பழக்கம் வேர்விட அது பெரிய காரணம். தமிழில் 1972-ல் முத்து காமிக்ஸ் மூலம் அறிமுகமான இரும்புக்கை மாயாவி பிரிட்டனிலிருந்து வந்தவர். மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோகும் ஒற்றை ஆளின் சாகசம் அது. நகரங்களைச் சரிப்பது அவர் வேலை அல்ல. அதனால் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி பிற்பாடு, சினிமா வழியாகத்தான் பெரிதாக வந்து சேர்ந்தது.

அமெரிக்கக் காமிக்ஸில் 1973-ல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தது ஒரு திருப்பம். நாயகன் காப்பாற்ற முயன்றும் அவள் பிழைக்கவில்லை. 1989-ல் 'டேமேஜ் கண்ட்ரோல்' என்ற தொடர் வந்தது. சூப்பர்ஹீரோக்கள் உடைத்ததைச் சரிசெய்யும் நிறுவனம் ஒன்றின் வேடிக்கைக் கதை அது. 1994-ல் வந்த 'மார்வெல்ஸ்' எல்லாச் சண்டைகளையும் தரையில் நிற்கும் ஒரு புகைப்படக்காரரின் கண் வழியாகக் காட்டியது. 2006-ல் வெளியான 'சிவில் வார்' தொடரில், ஒரு சண்டையின் நடுவே நேர்ந்த வெடிப்பில் பள்ளிக் குழந்தைகள் உட்பட 600-க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதன் பிறகு, சக்தி உள்ளவர்கள் எல்லோரும் அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வருகிறது. ஆக, காகிதத்தில் இந்தக் கேள்வி முதிர்ந்துவிட்டது.

சினிமாவில் நிலைமை வேறு. கணினி வரைகலை வளர்ந்ததும் ஒரு நகரத்தையே சரித்துக் காட்டுவது கைக்கெட்டும் காரியமாயிற்று. அமெரிக்கத் தணிக்கை முறையில் ரத்தமும் சிதைந்த உடலும் படத்தை வயதுவந்தோருக்கான பிரிவுக்குத் தள்ளும். கான்கிரீட் சரிவது அப்படித் தள்ளாது. குடும்பத்தோடு வரும் கூட்டம்தான் வசூல். விளைவு: ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாக நொறுங்குவதைத் துல்லியமாகக் காட்டுவார்கள், ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உண்மையாகவே இரண்டு கோபுரங்கள் விழுந்தபோது 2,700-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தூசியைச் சுவாசித்தவர்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் நோயில் கிடந்தார்கள், இறந்தார்கள். அந்தக் காட்சியின் தூசியையும் புகையையும் படங்கள் எடுத்துக்கொண்டன. அதில் இருந்த மனிதர்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான்.

உடல் சொல்லும் கணக்கு

மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது, விழுகிறவரைப் பிடிப்பது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, சுமார் 66 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் ஒருவர் நாலு விநாடிக்குள் தரைக்கு வந்துவிடுவார். காற்றின் தடையை விட்டுவிட்டால், அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நாயகன் தரைக்குச் சற்று மேலே நின்று கையை நீட்டிப் பிடிக்கிறார், அரை மீட்டரில் நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உடல் தாங்க வேண்டிய விசை புவியீர்ப்பைப் போல 130 மடங்கு. இரும்புக் கையில் விழுவதும் சிமெண்ட் தரையில் விழுவதும் அந்த உடலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடவே பறந்து இறங்கி, வேகத்தை ஒத்துக்கொண்டு, முப்பது மீட்டர் தூரத்தில் மெல்லக் குறைத்தால் அதே விசை இரண்டு மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும், ஆள் பிழைப்பார். 1973 கதையில் நடந்தது முதல் வகை. ஸ்பைடர்மேனின் வலை க்வென்னின் காலைப் பற்றியது, சட்டென்று நின்ற அதிர்ச்சியில் கழுத்து முறிந்தது. காப்பாற்றும் செயலே கொல்லக்கூடும் என்பதை ஒரு காமிக்ஸ் அவ்வளவு நேர்மையாகச் சொன்னது பெரிய விஷயம்.

இரண்டாவது, கண்ணாடி. ஒலியைவிட வேகமாகப் பறந்தால் அதிர்வலை பின்னால் வரும். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. யார் மேலேயும் கல் விழவில்லை. ஆனாலும் சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுக் காயங்கள். ஒளியைக் கண்டு ஜன்னலுக்கு ஓடியவர்கள் மேல் அதிர்வலை பின்னால் வந்து சேர்ந்தது. ஊருக்கு மேலே தாழ்வாகச் சீறிப் போகும் நாயகன், யாரையும் தொடாமலேயே இதைச் செய்துவிடுவார்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. இடிபாட்டில் கால் சிக்கி ஐந்தாறு மணி நேரம் கிடந்த ஒருவர் மேலிருந்து நாயகன் ஒரே கையால் தூணைத் தூக்கி எறிகிறார். திரையில் கைதட்டல். நிஜத்தில் அந்த ஆள் சற்று நேரத்தில் இறந்துவிடலாம். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியமும் மற்ற கழிவுகளும், அழுத்தம் விலகியதும் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சுக்குப் பிறகு, 1941-ல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அதனால்தான் பயிற்சி பெற்ற மீட்புக் குழு, பாரத்தை எடுப்பதற்கு முன்பே சலைன் ஏற்ற ஆரம்பிக்கும். வலிமையைவிட இங்கே தேவைப்படுவது ஒரு செவிலியரும் ஒரு பாட்டில் உப்புநீரும்.

சண்டை டெல்டாவில் நடந்தால்

இங்கே சரிவதற்கு வானுயர்ந்த கட்டிடங்கள் கிடையாது. அதனால் சேதம் குறைவு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. டெல்டா முழுக்க ஆறு, வாய்க்கால், மதகு, கரை என்று பின்னிக் கிடக்கும் தட்டையான நிலம். ஒரு இடத்தில் உடைந்தால் வேறு எங்கோ வலிக்கும். கற்பனையாக ஒரு சண்டையை வைத்துப் பார்ப்போம். டிசம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை, சம்பா பால் பிடிக்கும் நேரம். நாயகனும் எதிரியும் வானத்தில் மோதி, வெண்ணாற்றின் கரையில் வந்து விழுகிறார்கள்.

1. *கரை உடைகிறது.* கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. வெள்ளத்தைச் சுமக்க கொள்ளிடம் இருக்கிறது. வெண்ணாறும் அதன் கிளைகளும் பாசனத்துக்கானவை, மண் கரைகள். ஆறு நிரம்பி ஓடும்போது கரையில் ஒரு பள்ளம் விழுந்தால் போதும், தண்ணீரே மீதியை அறுத்துக்கொள்ளும். மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் கொண்டு ஊர் கூடி அடைப்பதற்குள் வயல்கள் மூழ்கிவிடும். சரிவே இல்லாத நிலம், வடிகால் மெதுவாகத்தான் வாங்கும். நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும் பயிர் அழுகும். அந்த இரண்டு பேரும் ஒரு உயிரைக்கூட எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஒரு வருடச் சோறு போய்விட்டது.

2. *மதகும் அணையும்.* 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. அங்கே எந்த வில்லனும் இல்லை. பழைய கட்டுமானம், தண்ணீரின் வேகம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு கட்டுமானத்தின் மேல் ஒரு ஆளைத் தூக்கி அடித்தால் என்ன ஆகும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

3. *மின்சாரம்.* 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போனால் விளக்கு மட்டும் போவதில்லை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து தொட்டி நிரப்பியவர்களுக்கு இது தெரியும். சண்டையில் உயர்மின் கோபுரத்தைப் பிடுங்கி எறிவது படங்களில் ஒரு வழக்கமான அடி. அந்த அடியில் குடிதண்ணீர் போய்விடும்.

4. *தென்னை.* பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கஜாவில் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்தது. புதிதாக வைக்கும் நாட்டுத் தென்னை காய்க்க ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆகும். தோப்பை நம்பிப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்த குடும்பத்துக்கு அந்த இடைவெளி மிகவும் நீளமானது.

5. *கணக்கெடுப்பு.* கிராம நிர்வாக அலுவலர் வருவார். அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற பதிவு), பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார். இங்கே இரண்டு முடிச்சுகள் விழும்.

முதல் முடிச்சு: நிவாரணம் எந்தத் தலைப்பில் கொடுப்பது? மாநில பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர் ஆகியவை இருக்கின்றன. அதன்படி இறப்புக்குக் கருணைத்தொகை 4 லட்சம் ரூபாய். வானத்தில் இரண்டு பேர் மோதியது இந்தப் பட்டியலில் எங்கும் வராது. மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. சரி, பயிர்க் காப்பீடு? பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள் போரால் வரும் இழப்பையும், வேண்டுமென்றே செய்த நாசத்தையும் விலக்கி வைக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் இதைப் போர் என்று சொல்லிவிட்டால் பயிருக்கு ஒன்றும் வராது.

இரண்டாவது முடிச்சு: நிவாரணம் பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போய்ச் சேரும். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும், வெளியூரில் இருப்பவர்களின் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் ஏராளம். கடன் வாங்கி விதைத்தவர் ஒருவர், நிவாரணம் வாங்குபவர் இன்னொருவர் என்று ஆகிவிடும். காணாமல் போனவர்கள் பாடு இன்னும் மோசம். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டுகள் தகவலே இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது பொதுவான சாட்சியச் சட்டம். அதுவரை சான்றிதழும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை.

இதில் எதுவும் திரையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது. ஒரு நல்ல எழுத்தாளர் இரண்டு வசனத்தில் கொண்டுவந்துவிடுவார்.

யார் பொறுப்பு?

இந்தியச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் விடை ஆச்சரியமாகத் தெளிவாக இருக்கிறது.

குற்றவியல் பக்கம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 81), பெரிய தீங்கைத் தடுப்பதற்காக, குற்ற நோக்கம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்கிறது. சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று, தீ பரவாமல் இருக்க வீடுகளை இடிப்பவர். இன்னொன்று கப்பல் தலைவர்: இருபது முப்பது பேர் இருக்கும் படகில் மோதாமல் இருக்கத் திசை மாற்றுகிறார், அதனால் இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் மோதும் அபாயம் உண்டு. நாயகனின் நிலைமை அச்சாக இதுதான். சிறைக்குப் போக மாட்டார். ஆனால் தேவை உண்மையிலேயே அவ்வளவு அவசரமானதா, வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வயல்வெளிக்கு இழுத்துப் போயிருக்கக்கூடிய சண்டையைக் கடைத்தெருவில் நடத்தினால் அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும்.

இழப்பீட்டுப் பக்கம்: 1985-ல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம், எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும், நேர்ந்த தீங்குக்கு ஈடு கொடுத்தே ஆகவேண்டும். 1868-ல் இங்கிலாந்தில் வந்த பழைய விதியில் இருந்த விலக்குகள் இதற்குக் கிடையாது. ஒரு சூப்பர்ஹீரோ குழுவை நடத்தும் கோடீஸ்வரருக்கு இந்தக் கோட்பாட்டை நீட்டிப்பது பெரிய தாவல் அல்ல. தண்டனை இல்லை, ஈடு உண்டு: இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். நாயகன் குற்றவாளியா என்ற ஒற்றைக் கேள்வியில் படங்கள் சிக்கிக்கொள்கின்றன. செத்தவரின் வீட்டுக்கு யார் போய் நிற்பது என்பது தனிக் கேள்வி.

போர் என்று எடுத்துக்கொண்டாலும் விதிகள் உண்டு. 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களுக்குச் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை மூன்றைக் கேட்கிறது: போராடுபவரையும் பொதுமக்களையும் வேறுபடுத்து, கிடைக்கும் ராணுவ ஆதாயத்துக்கு மிஞ்சிய சேதம் செய்யாதே, முன்கூட்டியே எச்சரி. அதன் 56-ஆம் பிரிவு அணைகளையும் கரைகளையும் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனாலும் அணையை ஏன் தனியாகப் பெயர் சொல்ல வேண்டும் என்று ஒரு டெல்டா விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2016-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் 117 நாடுகள் சேர்ந்து சொகோவியா உடன்படிக்கையைக் கொண்டுவருகின்றன. நாயகர்கள் ஐ.நா. குழு அனுமதித்தால்தான் களமிறங்கலாம். அந்தப் படத்தில் மகனை இழந்த ஒரு தாய், அயர்ன்மேனாக இருக்கும் டோனி ஸ்டார்க்கிடம் வந்து நேருக்கு நேர் கேட்கிறார். அந்தக் காட்சி சரியான இடத்தில் கை வைத்தது. அதற்குப் பிறகு படம் நண்பர்களுக்கு இடையிலான பிணக்காகத் திரும்பிவிட்டது. உடன்படிக்கை பேசியது முழுக்க அனுமதி பற்றி. அந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது என்று படம் திரும்பிப் பார்க்கவில்லை. அதே ஆண்டு 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் நகர அழிவைத் தரையிலிருந்து, புகைக்குள் ஓடும் புரூஸ் வெய்னின் (பேட்மேனின் நிஜப் பெயர்) கண்ணில் காட்டித் தொடங்கியது. அந்தத் தொடக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை. புறநானூற்றின் 9-ஆம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் எல்லோரும் அரண் சேர்ந்துவிடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போருக்குப் போவதை அவர் அறம் என்கிறார். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று இன்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். எச்சரிக்காமல் அடிப்பது தவறு என்ற எண்ணம் மட்டும் அப்போதே உறுதியாக இருந்திருக்கிறது.

புகாரில் பிறந்த கண்ணகி மதுரையை எரிக்கும்போது தீயிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேரச் சொல்கிறாள். அபூர்வ சக்தியைக் கையில் வைத்திருப்பவர் அதை ஏவும் கணத்திலேயே யாரை விலக்குவது என்று யோசிப்பதை இளங்கோ காட்டியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. பிற்பாடு நீர்ப்படைக் காதையில், வெற்றிவேற் செழியன் கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்த செய்தி வருகிறது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். அதற்கு விலை கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். காப்பியம் அதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோனாலும், வாசிப்பவருக்குத் தொண்டையில் சிக்கும். மறுநாள் என்ற ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது, அது அழகாகவும் இல்லை.

வால்மீகியின் அனுமன் இலங்கையை எரித்துவிட்டு, சீதையும் அதில் எரிந்திருப்பாளோ என்று கலங்கி, கோபத்துக்கு இடம்கொடுத்த தன்னையே நொந்துகொள்கிறான். ஜெயித்த நாயகன் தன் செயலால் யார் போயிருப்பார்கள் என்று நின்று யோசிக்கும் காட்சிகளில் அது மிகப் பழையது.

ஆனால் எல்லாவற்றிலும் நேரானது திருவாரூரில் இருக்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று அடிபட்டுச் சாகிறது. அது விபத்து. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். இன்றைய நீதி உணர்வுக்கு அந்தத் தண்டனை ஒவ்வாது, அது இருக்கட்டும். பாதிக்கப்பட்டவர் வந்து முறையிட ஒரு மணி இருந்தது, அதை அடித்தால் அதிகாரம் எழுந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். மாவட்ட ஆட்சியர்கள் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர் வந்தது அதனால்தான். பெரிய புராணத்தில் இந்தத் தீர்ப்பே இன்னொரு உயிரையும் எடுக்கிறது: மகன்மேல் தேரை ஓட்டச் சொல்லி ஏவப்பட்ட அமைச்சர், அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை விடுகிறார். முடிவில் சிவன் தோன்றி கன்று, மகன், அமைச்சர் எல்லோரையும் எழுப்புகிறார். அதற்கு முந்தைய சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதே கதையைப் பாண்டியனிடம் சொல்லும்போது யாரும் உயிர்த்தெழுவதில்லை. மகனை ஆழியில் மடித்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். யதார்த்தம் பற்றிய நம் வாக்குவாதத்தின் இரண்டு பக்கமும் இந்த ஒரே கதையின் இரண்டு வடிவங்களில் இருக்கின்றன.

மறுப்புகள்

பொழுதுபோக்குக்கு வந்த இடத்தில் பிணக்கணக்கா என்று கேட்பவர்களின் நியாயம் புரிகிறது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவருக்கு இரண்டரை மணி நேரம் லேசாக இருக்க உரிமை உண்டு. முழுக் கற்பனையாக, பொம்மை உலகமாக எடுத்த படத்தை இந்தத் தராசில் வைக்கக் கூடாது. கேள்வி எழுவது, படமே யதார்த்தத்தைக் கடன் வாங்கும்போதுதான். தூசி படிந்த முகம், அலறும் கூட்டம், நிஜச் செய்தி அலைவரிசை மாதிரியான காட்சி என்று நம் பயத்தைப் பயன்படுத்திக்கொண்ட படம், அந்தப் பயத்துக்குச் சொந்தக்காரர்களை மறக்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு: மரணத்தைக் காட்டினால் கதை இருண்டுவிடும். அவசியமில்லை. மலையாளத்தில் 2021-ல் வந்த 'மின்னல் முரளி' ஒரு கிராமத்துத் தையல்காரரைச் சுற்றி நடக்கிறது. அளவு சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே ஒருவர் இறந்தால் அவர் யார் மகன், யார் கடைக்காரர் என்று நமக்கும் தெரியும். சிரிப்புக்கும் குறைவில்லை. பத்தாயிரம் பேர் பெயரில்லாமல் இறக்கும் படத்தைவிட, பெயர் தெரிந்த ஒருவர் இறக்கும் படம் கனமாக இருக்கிறது. டெல்டாவைக் களமாக எடுப்பவருக்கு இந்த வசதி தானாகவே கிடைத்துவிடுகிறது, இங்கே தெருவில் போகிற யாரும் பெயரில்லாத கூட்டம் அல்ல.

அப்படி ஒரு கதையை யாராவது எழுதினால், வாசகனாக நான் தேடப்போவது இவற்றைத்தான்: அடி விழும் முன் ஊருக்கு எச்சரிக்கை போனதா. சண்டையை ஆற்றங்கரையிலிருந்து விலக்க நாயகன் முயன்றாரா. தூணைத் தூக்கும் முன் மருத்துவரைக் கேட்டாரா. அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து வரிசையில் மனுவோடு நிற்பவர் யார், அந்த மனுவில் எதிர்த்தரப்பு என்று யார் பெயரை எழுதியிருக்கிறார். பிறகு, பட்டா இல்லாத குத்தகைக்காரரின் பெயர் கடைசிப் பட்டியலில் வந்ததா இல்லையா.